செங்குன்றத்துத் தவிடும் நாயின் பெருங்குடலும்

செங்குன்றத்து அரிசி ஆலை ஒன்றில், தீட்டும் எந்திரத்தின் கீழே சாக்குப் பிடித்து நிற்பவர் பக்கத்தில் போய் நின்றால் தவிட்டின் சூடு கைக்குத் தெரியும். அந்த நிமிடம்தான் அரிசியின் மேலிருந்து உரிந்து விழுந்த தவிடு. விரலில் மாவுபோல ஒட்டும். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். நுனிநாக்கில் வைத்தால் மெல்லிய இனிப்பு. ஆலை வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து வந்து சிந்தியதை நக்கும். பத்து நாள் கழித்து அதே சாக்கு மூலையில் கிடக்கும்போது அந்த நாய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். இந்த இரண்டு வேளைகளுக்கும் நடுவில் தவிட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், தானியக் கழிவைக் கொண்டு நாய்த்தீனி செய்யும் வித்தையில் பாதி கைவந்துவிடும். மீதிப் பாதி நாயின் வயிற்றுக்குள் இருக்கிறது.

சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே போகிறவர்கள் முதலில் மாதவரத்தைக் கடக்கிறார்கள். 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் அங்கேதான். அடுத்து புழல் ஏரி, அதை ஒட்டிச் செங்குன்றம். பொன்னேரிப் பக்கத்து நெல்லும் ஆந்திரத்திலிருந்து வரும் நெல்லும் வந்து இறங்கும் மண்டிகளும் அரிசி ஆலைகளும் அந்த ஊரின் அடையாளம். இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். தானியம், கால்நடை அறிவு, தொழிற்பேட்டை மூன்றும் ஒரே சாலையில் வரிசையாக அமைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த அத்தியாயத்தின் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடைக்காது என்று தோன்றும்.

நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி, 7 அல்லது 8 கிலோ தவிடு, மீதியில் பெரும்பகுதி அரிசியும் குருணையும். நாளொன்றுக்கு 50 டன் அரைக்கும் ஆலையில் நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவாகத் தவிடு விழும். உமி, நெல் அவிக்கும் கொதிகலனுக்கே எரிபொருளாகப் போய்விடுகிறது. தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிறது. எண்ணெய் எடுத்த தவிடும் வீணாவதில்லை. மீன் குளம் வரைக்கும் அதற்குக் கிராக்கி உண்டு. தீவன விலை ஏறியதால் 2023 ஜூலையில் அதன் ஏற்றுமதியையே மத்திய அரசு தடை செய்தது. ஆனாலும் நம் பேச்சில் தவிடு என்றால் மலிவுதான். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்து பிறந்ததைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கம் இருந்தது. யமன்கூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்கு மலிவான விலை வேண்டும் என்பதற்காகத்தான் தவிட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நாய்க்கு எதற்குத் தவிடு, அது மாமிசம் தின்னும் பிராணி ஆயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆக்செல்சன் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பாதி விடை சொன்னது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாயிடம் நான்கிலிருந்து முப்பது வரை. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு அவன் குப்பைமேட்டையும் முற்றத்தையும் சுற்றி வந்த ஓநாய்களில், சோற்றையும் கஞ்சியையும் செரிக்கத் தெரிந்தவை பிழைத்தன என்பது அவர்கள் விளக்கம். கரிசல் காட்டில் சிப்பிப்பாறை நாயைக் கூழ் ஊற்றி வளர்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

மாவுச்சத்து வேறு, நார்ச்சத்து வேறு. நாரைச் செரிக்கும் நொதி நாயிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, மாட்டிடமும் இல்லை. மாட்டுக்கு அந்த வேலையை அசையிரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கின்றன. தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மென்று, மறுபடி உள்ளே அனுப்ப அதற்கு நேரமும் இடமும் உண்டு. நாயின் குடல் குட்டை. நாரை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் ஊறப்போட அங்கே வசதி இல்லை. பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் குடல்பை சிறியது, சுருண்டது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய நார் பெருங்குடலுக்கு வந்துசேரும்போது, அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு அதில் கைவைக்கக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

அந்தச் சில மணி நேரத்தில் நடப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. பாக்டீரியாக்கள் நாரைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரொப்பியோனிக், பியூட்டிரிக் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்குப் பியூட்டிரிக் அமிலம்தான் முதன்மையான உணவு. உடம்பின் மற்ற செல்களில் பெரும்பாலானவை இரத்தத்திலிருந்து சாப்பிடுகின்றன. இவையோ பெரும்பாலும் குடலின் உள்பக்கத்திலிருந்து, பாக்டீரியா பரிமாறுவதைச் சாப்பிடுகின்றன. அது கிடைத்தால் சுவர் உறுதியாக இருக்கும், தண்ணீரும் உப்பும் ஒழுங்காக உறிஞ்சப்படும், மலம் இறுகி வடிவோடு வரும். ‘எங்க நாய்க்கு ஒரு வாரமா வயிறு சரியில்ல டாக்டர்’ என்று வருகிற பல வீடுகளில் கிண்ணத்தில் இருப்பது வெள்ளைச் சோறும் கோழிக்கறியும் மட்டுமே.

எல்லா நாரும் ஒன்றல்ல. சில நார்கள் தண்ணீரில் கரைந்து கூழாகி வேகமாகப் புளிக்கும். அளவு மீறினால் வாயுவும் பேதியும் வரும். சில நார்கள் எதற்கும் அசையாமல் உள்ளே போனபடியே வெளியே வரும். நாய்த்தீனித் தொழிலில் பல ஆண்டுகளாக அளவுகோலாக இருப்பது சர்க்கரை பீட் கிழங்கின் சக்கை. அது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நம் ஊரில் அந்தக் கிழங்கு இல்லை. நம்மிடம் இருப்பது அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு, மக்காச்சோளத் தோல், உளுந்துப் பொட்டு. அரிசித் தவிட்டு நாரில் பெரும்பகுதி கரையாத வகை. மெதுவாக, கொஞ்சமாகப் புளிக்கும், மலத்துக்குக் கனம் கொடுக்கும். கூடவே 12 முதல் 15 சதவீதம் வரை புரதமும் அதைவிட அதிகமாக எண்ணெயும் தருகிறது. நாரை மட்டும் தருகிற பொருள் என்று இதை ஒதுக்க முடியாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2004-இல் பதப்படுத்திய தவிட்டையும் எண்ணெய் நீக்கிய தவிட்டையும் நாய்களின் உலர்தீனியில் 12 சதவீதம் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கொலராடோவில் பருத்துப்போன வீட்டு நாய்களின் எடையைக் குறைக்கத் தவிடும் பீன்ஸ் மாவும் கலந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் முழுத் தவிடு சூடுபடுத்திக் கெடாமல் பதப்படுத்தியது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பையின் பின்புறத்தில் ‘நார்ச்சத்து: அதிகபட்சம் 4 சதவீதம்’ என்று அச்சடித்திருப்பதை நம்பி மட்டும் தீனி வாங்க முடியாது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1860-களில் ஜெர்மனியின் வீண்டே என்ற ஊரிலிருந்த ஆய்வு நிலையத்தில் ஹென்னபெர்க், ஷ்டோமான் என்ற இருவர் மாட்டுத் தீவனத்தை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். தீவனத்தை முதலில் அமிலத்தில் கொதிக்க வைப்பது, பிறகு காரத்தில் கொதிக்க வைப்பது, கரையாமல் மிஞ்சியதை நார் என்று கணக்கெழுதுவது. இன்றைக்கும் பையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கணக்கே. கொதித்த அமிலத்திலும் காரத்திலும் கரைந்து போவதெல்லாம் நாயின் குடலில் செரித்துவிடுவதில்லை. பாக்டீரியாவுக்கு உண்மையில் உணவாகிற நார்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் விழாமல் தப்பிவிடுகிறது. அதனால்தான் நல்ல தவிட்டின் நார் பழைய முறையில் 7 முதல் 12 சதவீதம் என்றும், புதிய முறைகளில் 20 சதவீதத்துக்கு மேல் என்றும் இரண்டு விதமாக வருகிறது.

உமிக்கோ இந்தப் பழைய கணக்கில் ஏகப்பட்ட மதிப்பெண். அதில் 40 சதவீதத்துக்கு அருகில் நார் காட்டும். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் பிரியாமல் ஒன்றாகவே கொட்டும். புது ஆலையில் ரப்பர் உருளை உமியைத் தனியாகவும், தீட்டும் எந்திரம் தவிட்டைத் தனியாகவும் கொடுக்கும். பிரிந்து வந்ததை மறுபடி அரைத்துக் கலந்து விற்கிற பழக்கத்தைத் தவிடு வாங்குகிற எவரும் அறிவார்கள். உமியின் சாம்பலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. அது மாட்டுக்கே உதவாது. நாயின் குடலில் அது உரசிக்கொண்டு போவதைத் தவிர வேறொன்றும் செய்யாது, தீனி ஆலையில் எந்திரத்தின் திருகையும் தேய்க்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் ஓர் எளிய வழி உண்டு. தவிட்டை எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைக்க வேண்டும். கரையாமல் அடியில் தங்குவது உமியும் மண்ணும் கொண்டுவந்தது. நாய்த்தீனி செய்கிறவர் ஒரே ஒரு சோதனைக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சாக்கின் அருகே நாய் மூக்கைத் திருப்பிக்கொண்டதற்குக் காரணம் வேறு. அரிசி முழுசாக இருக்கும்வரை தவிட்டின் எண்ணெயும் அதைப் பிளக்கும் லிப்பேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. தீட்டும்போது அறைச் சுவர்கள் நொறுங்கி இரண்டும் சந்தித்துவிடுகின்றன. அந்த நிமிடத்திலிருந்து எண்ணெய் உடையத் தொடங்கும். பச்சரிசித் தவிட்டில் பிரிந்துபோன கொழுப்பு அமிலம் நாளொன்றுக்கு 5 முதல் 7 சதவீதம் கூடும், ஒரு மாதத்தில் 70 சதவீதம் வரை போகும் என்பது எண்ணெய் ஆலைக்காரர்களின் பாடம். முதலில் சோப்புக் கசப்பு, பிறகு காறல் நெடி.

புழுங்கலரிசித் தவிட்டில் இந்த ஓட்டம் நின்றுபோகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே லிப்பேஸ் செத்துவிடுகிறது. ஆவியின் சூட்டில் எண்ணெய் வெளிப்பக்கம் நகர்வதால் புழுங்கல் தவிட்டில் எண்ணெய் அதிகம். பி1 வைட்டமினோ எதிர்த்திசையில் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் ஊர்ச் சரித்திரமே இந்த இடமாற்றத்தில் இருக்கிறது. 1890-களில் ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மான் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும் தவிடு கொடுத்தால் எழுவதையும் கண்டார், 1929-இல் நோபல் பரிசு பெற்றார். குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் சென்னை மாகாணத்தின் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். தீட்டிய பச்சரிசி தின்ற வடக்கு மாவட்டங்களில் அது பரவியிருந்தது, புழுங்கலரிசி தின்ற தமிழ் மாவட்டங்கள் தப்பின. வைட்டமின் தவிட்டோடு போகாமல் அரிசிக்குள் தங்கியதே காரணம். ஆகவே செங்குன்றத்துப் புழுங்கல் தவிட்டை நாய்த்தீனியில் சேர்ப்பவர், அதில் பி1 ஏற்கெனவே குறைந்திருக்கும் என்று கணக்கிட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அவிக்கும்போது எண்ணெயைக் காக்கும் பொருட்களும் கொஞ்சம் அழிந்துவிடுவதால், நொதி செத்தபின்னும் காற்று பட்டு எண்ணெய் கெடும். புழுங்கல் தவிடு கெடாது என்று நினைப்பது தவறு.

அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். ஐப்பசி மாதத்தில் ஒரு சாக்குப் புழுங்கல் தவிடு வாங்கிப் பின்தாழ்வாரத்தில் வைத்து, எங்கள் வீட்டு நாய்க்குக் கேழ்வரகுக் கூழில் ஒரு கரண்டி கலந்து ஊற்றிவந்தேன். இரண்டு வாரம் நன்றாகக் குடித்தது. மூன்றாவது வாரம் கிண்ணத்தை மூக்கால் தள்ளியது. பசித்தால் குடிக்கும் என்று விட்டுவிட்டேன். குடித்தது, ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தது. சாக்கின் அடியில் கைவிட்டபோது கட்டிகட்டியாக ஈரம். அன்றிலிருந்து நாய் வேண்டாம் என்று தள்ளுவதை நான் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

அது காறலோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். ஈரத் தவிட்டில் வளர்கிற அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1974-இல் அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானோருக்கு மஞ்சள் காமாலை கண்டது, 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி குழு போய்ப் பார்த்தது. குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆய்வகம்தான் பின்னால் ஹைதராபாத் போய் அந்த நிறுவனமாயிற்று. மனிதர்களோடு அந்தக் கிராமங்களின் நாய்களும் அதே நோயில் செத்தன. ஏழை வீட்டில் நாய்க்கும் ஆளுக்கும் ஒரே அடுப்பு. நாயின் ஈரல் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் ஆட்படும். அமெரிக்காவில் தயாரித்துப் பையில் அடைத்த தீனியில் இதே நஞ்சு ஏறி 2005-இலும் 2020 கடைசியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்திருக்கின்றன. அங்கே ஒரு கிலோ தீனியில் 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பூஞ்சை தானியத்தின் மேற்புறத்தில் பிடிப்பதால் நஞ்சும் அரிசியைவிடத் தவிட்டில் செறியும். கொதிக்க வைத்தாலும் முழுதாக அழியாது. சொர்ணவாரி நெல் அறுவடைக்கு வரும் ஆவணி, புரட்டாசியில் திருவள்ளூர் மாவட்டத்தில் மழை எப்போது கொட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் போகத்துத் தவிட்டை ஈரம் அளக்காமல் நாய்த்தீனிக்கு எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தவிடு நல்லது என்றவுடன் அள்ளிப் போடுகிறவர்களுக்காக இன்னொரு விஷயம். நாயின் ஈரல் பித்த அமிலத்தை டாரின் என்ற பொருளோடு மட்டுமே சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். வழக்கமாக அது திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். நார் அதிகமானால் பித்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும், டாரினும் கூடவே போய்விடும். நாய் மாமிசப் புரதத்திலிருந்து டாரினைப் புதிதாகச் செய்துகொள்ளும். ஆனால் கிண்ணத்தில் கறி குறைந்து தவிடு கூடினால் செலவு வரவை மிஞ்சும், இதயத்தசை தளரும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2003-இல் விவரித்த 12 இதய நோய் நாய்கள் ஆட்டுக்கறித் தூளோ அரிசியோ இரண்டுமோ கலந்த வணிகத் தீனி தின்றவை. தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும். கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடிப்பது அதன் அடையாளம். பத்துக் கிலோ எடையுள்ள நாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கிராம் உலர்தீனி தின்னும். அதில் 5 சதவீதம் தவிடு என்றால் 10 கிராம், இரண்டு மேசைக்கரண்டிக்குள். பெரும்பாலான வீட்டு நாய்களுக்கு அது போதும். நாய்க்கு இவ்வளவு நார் கட்டாயம் என்று ஊட்டச்சத்து நூல்கள் எதிலும் விதியில்லை. பருத்த நாய்க்கும் சர்க்கரை நோய் வந்த நாய்க்கும் அளவைக் கூட்டுவது மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியது.

இந்த மாவட்டத்தில் தவிட்டோடு போட்டியிடக்கூடிய இன்னொரு சரக்கு பீர் ஆலையின் பார்லிச் சக்கை. உலரவைத்தால் புரதமும் நாரும் நிறைந்தது. ஆனால் ஆலையை விட்டு வரும்போது முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், நம் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும். அதை உலர்த்த ஆகும் எரிபொருளைக் கணக்குப் பார்த்தால் அருகிலுள்ள மாட்டுக்கே அது போகட்டும் என்றுதான் தோன்றுகிறது. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூ நாய்க்குக் கடும் நஞ்சு. சக்கை அதைச் சேர்ப்பதற்கு முன்பே பிரிந்துவிடும் என்றாலும் இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது.

கும்மிடிப்பூண்டியில் தீனி ஆலை வைக்கிறவருக்குத் தேவையான முக்கிய எந்திரம் எக்ஸ்ட்ரூடர். முறுக்கு உழக்கைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாவையும் கறித்தூளையும் தவிட்டையும் நீராவியோடு உள்ளே தள்ளித் திருகால் நசுக்கினால் நூறு டிகிரிக்கு மேல் சூடேறும். அச்சின் துளையில் வெளிவந்த கணத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி, தீனி பொரிபோல உப்பும். உப்பவைப்பது மாவுச்சத்து. தவிடு கூடினால் நார் அந்தக் குமிழ்ச் சுவர்களைக் குத்திக் கிழித்துவிடும், எண்ணெய் வழுக்கி அழுத்தத்தைக் குறைத்துவிடும், உருண்டை சின்னதாகக் கெட்டியாக விழும். குருணையைக் கூட்டித் தவிட்டை நுண்ணிதாக அரைத்தால் சரியாகும். தவிட்டை முதலில் அதே எந்திரத்தில் 130 டிகிரிக்கு அருகில் சில நொடி தனியாக ஓட்டி எடுத்தால் மிச்சமிருக்கும் லிப்பேஸும் ஒடுங்கும்.

செங்குன்றத்திலிருந்து அந்த எந்திரத்துக்கு லாரியில் ஒரு மணி நேரப் பயணம். காலையில் தீட்டிய தவிடு மதியத்துக்குள் போய்ச்சேர்ந்து சூடு கண்டுவிடலாம். இன்றைக்கு அது நான்கு நாள் சாக்கில் கிடந்து, மண்டியில் இரண்டு கை மாறி, மேலே மழைத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போகிறது. சாக்கின் மேல் தீட்டிய தேதியை எழுதுகிற ஆலையை இதுவரை நான் பார்க்கவில்லை. கேட்டபோது ஒரு மேஸ்திரி, ‘மாட்டுக்குப் போறதுக்கு எதுக்கு சார் தேதி’ என்றார். நாய்க்கு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சாக்குக் கட்டும் சணலோடு ஒரு அட்டையைச் சேர்த்துக் கட்டி, அதில் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.